ஏழாவது ஷரத்து

ஏப்ரல் 7, திங்கள்

மனம் ஒரு நிலையில் இல்லாதபோது விஷயத்தை எண் போட்டு எழுதிவிட்டால் பாதி பயம் போய்விடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்த முப்பத்தோரு வருடமும் அப்படித்தான் செய்தேன். ஆகவே இந்த நோட்டில் நான் எழுத உத்தேசித்திருப்பவை:

1. மகள் எமிலிக்காக மைசூரிலிருந்து பழைய கார் வாங்கிய விதம்.
2. அதற்கு நான் எழுதிய பத்திரம்.
3. காரின் ஆர்.சி. புத்தகம் வந்து சேராதது.
4. விற்றவரிடம் அதைக் கேட்டுப் பெறும் வழி.
5. எமிலியிடம் இதை இப்போது சொல்லக் கூடாது என்பது. சொன்னால் அவளால் தாங்க முடியாது.

ஐந்தையும் எழுதி, ஒருமுறை வாசித்தும் பார்த்தேன். பயம் பாதி போகவில்லை. கால்வாசி போயிருக்கலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எண் 1.

எமிலிக்கு நாற்பது வயது. இரண்டாவது வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் வலுவிழந்தன. காலில் இரும்புக் காலிபர் மாட்டி, கைத்தடி ஊன்றி நடப்பாள். இங்கே பாளையங்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் பத்தாம் வகுப்பில் அவள் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தானே பள்ளிக்குப் போய்வருகிறாள். அவள் புறப்பட்டதும் நானும் மொபெட்டில் அந்தப் பக்கமாகப் போவேன். பள்ளிக்கு எதிரே உள்ள கடையில்தான் செய்தித்தாள் கசங்காமல் கிடைக்கிறது. பதினான்கு வருடமாக அங்கேதான் வாங்குகிறேன்.

அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கு அவளைத் தலைமையாசிரியை ஆக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அருமைநாயகபுரம் என்ற ஊர். முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறி, இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். நெடுஞ்சாலையில் அந்த ஸ்கூட்டரை நினைத்துப் பார்க்கவே முடியாது. மூன்று வருடத்துக்கு முன்பும் இதேபோல் ஒரு பதவி வந்தது. அப்போது நாங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

கால் படாமல் கையாலேயே ஓட்டும்படி மாற்றியமைத்த கார்கள் இருக்கின்றன. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு லிவர். இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். போன வருடம் மதுரையில் அப்படியொரு வண்டி வைத்திருக்கும் பயிற்சிப் பள்ளிக்குப் பத்துச் சனிக்கிழமை போய் எமிலி லைசென்ஸ் எடுத்தாள். பத்து வாரமும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பழைய வண்டியாக அது கிடைப்பது அபூர்வம். மைசூரில் நாகபூஷணா என்பவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு, ஒன்பது வருடம் ஓட்டிவிட்டுக் கண்பார்வை மங்கியதால் விற்கிறார் என்று எமிலிக்கு ஒரு வாட்ஸப் குழுவில் தெரியவந்தது. வீடியோவில் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். போய்ப் பார்க்காமலே முடித்தோம். சனிக்கிழமை லாரியில் வந்து இறங்கியது. வெள்ளி நிறம். சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

எண் 2.

வாங்கும் பேச்சு முழுவதும் எமிலி பார்த்துக்கொண்டாள். பத்திரம் மட்டும் என் பொறுப்பு என்றேன். அவளும் சரி என்றாள்.

என்னிடமிருந்த பழைய கிரயப் பத்திர மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினேன். ஏழு ஷரத்துகள். முத்திரைத்தாளில் நான்கு பக்கம். சொத்து விவரத்தில் என்ஜின் எண், சேசிஸ் எண், கதவு நான்கு, சக்கரம் நான்கு, மாற்றுச் சக்கரம் ஒன்று. நான்கெல்லை எழுதுமிடம் வந்தபோது சற்று யோசித்து, நீளம், அகலம், உயரம் என்று போட்டேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் இடது பெருவிரல் ரேகையும். இரண்டு சாட்சிகள். தபாலில் அனுப்பினேன். அவரும் ஒரு வரி விடாமல் வாசித்ததாகச் சொல்லிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

என் காலத்தில் எத்தனையோ ஆயிரம் பத்திரம் என் கையால் பதிவாயிற்று. இவ்வளவு சுத்தமான பத்திரம் அதிகம் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சற்றுப் பெருமைக்காகவும் சொல்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பத்திரத்தை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போனேன். ஜன்னலில் கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கும் மூக்காண்டியிடம் காட்டினேன். அவர் நான்கு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது என்ன கல்யாணப் பத்திரிகையா?”

“கிரயப் பத்திரம்.”

“காருக்கா? காருக்குப் போயி யாரு பத்திரம் எழுதுவா? எங்க வேலை பாத்திய?”

“பத்திரப் பதிவில்.”

“அதானே பாத்தேன். நல்லவேளை, பட்டா கேக்காம இருந்திய. இங்க இதெல்லாம் செல்லாது அண்ணாச்சி. மைசூர் ஆர்.டி.ஓ.கிட்டருந்து ஆட்சேபணை இல்லன்னு என்.ஓ.சி. வேணும். அவரு கையெழுத்துப் போட்ட ஃபார்ம் ரெண்டு வேணும். எல்லாத்துக்கும் மேல ஆர்.சி. புக்கு. அது எங்க?”

“வரும்.”

“வந்தப்பொறவு வாங்க. அதுவரைக்கும் வண்டிய ஒரு முழம்கூட ரோட்டுல ஏத்தாதிய.”

எண் 3 அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஆர்.சி. என்பது இப்போது ஒரு சிறிய அட்டை. புத்தகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஓர் அட்டை இல்லாததால் ஒரு கார் கார் இல்லை என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மைசூருக்குக் கடிதம் எழுதினேன். முதல் படியில் ‘ஆர்.சி. புத்தகத்தை உடனே அனுப்பவும்’ என்று இருந்தது. அது அதட்டுவதுபோல் பட்டது. நான்காவது படியில், ‘தங்கள் வசமுள்ள ஆவணங்கள் தொடர்பாகத் தாங்கள் செய்ய வேண்டியதைச் செய்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்தேன். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.

என் மனைவி செல்லக்கனி கேட்டாள். “ஒரு போன் போட்டா முடியுத காரியத்துக்கு எதுக்கு இத்தன தாளு?”

போனில் பேசியதற்கு அத்தாட்சி இல்லை என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கார்மேல் போர்த்த தார்ப்பாய் வாங்கினேன். எமிலி “பேப்பர் வேலை எப்படிப்பா போகுது?” என்றாள். நடக்கிறது என்றேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் எமிலி தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினாள். தடுத்தேன்.

“காம்பவுண்டுக்குள்ள ஓட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலப்பா இருக்கு?”

எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் முற்றம் பத்தடி முன்னே, பத்தடி பின்னே. முன்னே வந்தாள், பின்னே போனாள். முருங்கைமரத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவில் நாற்பது தடவையாவது இருக்கும். ஒருமுறையும் எதிலும் உரசவில்லை. நான் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டேன். இடித்தால் கல்லில் இடிக்க வேண்டாம் என்ற எண்ணம்.

“நீங்க அங்க நின்னாதான் எனக்குப் பதட்டமா இருக்கு. உள்ள போங்கப்பா.”

உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முகத்தில் அப்படியொரு கவனம். லிவரை அவள் தள்ளுவதும் இழுப்பதும் கரும்பலகையில் கோடு போடுவதைப்போல் இருந்தது. என் மகள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லத் தோன்றியது. அவருக்குத்தான் தெரியுமே.

ஏப்ரல் 17, வியாழன்

நாகபூஷணாவிடமிருந்து பதில் வந்தது. தமிழில் இப்படி வரும்:

‘தங்கள் கடிதம் கிடைத்தது. பத்திரத்தில் கண்டபடி மூல ஆவணம் என் பாதுகாப்பில் உள்ளது. தாங்கள் எப்போது வேண்டுமானாலும் நேரில் வந்து பார்வையிடலாம். வண்டி நலமா?’

மூன்று முறை வாசித்தேன். நாங்கள் வாங்கிய காரின் ஆவணத்தை நாங்கள் ஐந்நூறு கிலோமீட்டர் போய்ப் பார்வையிட வேண்டுமாம். இதில் ‘வண்டி நலமா’ வேறு. படித்தவர் இப்படி எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பத்திரத்தில் கண்டபடியாம். பத்திரத்தை எழுதியவன் நான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். மூன்று மணி நேர ஆராதனையில் அவரை மன்னிக்க முயன்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூக்காண்டியிடம் கடிதத்தைக் காட்டினேன்.

“ஏமாத்து வேலை அண்ணாச்சி. இன்னொருத்தன்கிட்டயும் விலை பேசிருப்பான். ஒண்ணு செய்யலாம். ஆர்.சி. தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன்ல ஒரு புகார் கொடுத்துருங்க. அந்த ரசீத வச்சு நகல் வாங்கப் பாப்போம்.”

“அது தொலையவில்லையே. அவரிடம் இருக்கிறது.”

“ஒங்க கையில இல்லைலா? அப்ப தொலைஞ்சதுதான.”

முடியாது என்றேன். இதை நான் உரக்கச் சொன்னேன் என்பதைக் குறித்துவைக்கிறேன், ஏனெனில் எனக்கு அது வழக்கமில்லை. பக்கத்து மேஜைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பொய் வாசகத்தின்கீழ் நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. எமிலிக்காக என்றாலும் போடமாட்டேன். எமிலிக்காக என்பதால் நிச்சயமாகப் போடமாட்டேன்.

வழி முழுவதும் தலை நிமிர்ந்து வந்தேன். வீட்டு வாசலில்தான் நினைவு வந்தது, புத்தகம் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கோடை விடுமுறை தொடங்கியது. நிர்வாகத்திலிருந்து எமிலிக்குக் கடிதம். அருமைநாயகபுரம் தலைமையாசிரியைப் பணியை ஏற்பதா இல்லையா என்று மே 5-க்குள் எழுத்தில் தர வேண்டும். ஜூன் 2, பள்ளி திறக்கும் நாளில் சேர வேண்டும். பதில் தராவிட்டால் அடுத்தவருக்குப் போகும். அடுத்த முறை என்று ஒன்று எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது.

சாப்பிடும்போது எமிலி சொன்னாள். “அங்க மேத்ஸுக்கு டீச்சரே இல்லையாம்ப்பா. ரெண்டு வருஷமா. நான் ஹெச்.எம்.மா போனாலும் பத்தாவதுக்கு நானே எடுக்கலாம்னு இருக்கேன்.” கொஞ்சம் பொறுத்து, “கார் ரெடியாயிரும்லப்பா?”

ஆகிவிடும் என்றேன். செல்லக்கனி என்னையே பார்த்துக்கொண்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மைசூருக்கு இரண்டாவது கடிதம். முதலாவதைவிடச் சற்று உறுதியான தொனி. ‘பணிவுடன்’ என்பதை எடுத்துவிட்டேன். தபால் நிலையத்துக்குள் போனதும் மறுபடி சேர்த்தேன்.

பிற்பகல், முன்னெச்சரிக்கையாக, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் தயாரித்து வைத்தேன். தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டால் கடைசி நேரத்தில் பதற வேண்டியிராது. பீரோவில் மைசூர் கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மேல்தொட்டி கழுவினோம். இடுப்பு வலி.

மே 1, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எண் போட்டு எழுத முடியவில்லை.

எமிலி ஒரு கோப்பு அட்டை தேடி என் பீரோவைத் திறந்திருக்கிறாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தபோது கையில் ஒரு தாளோடு நின்றாள். திங்கட்கிழமை நான் தயாரித்த கடிதம். ‘உடல்நிலை காரணமாக மேற்படி பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்.’ கீழே அவள் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன்.

“இது என்னப்பா?”

“முன்னெச்சரிக்கை.”

“மூணு வருஷத்துக்கு முன்னால எழுதுனதும் இதுதானே. தேதிய மட்டும் மாத்திருக்கீங்க.”

“ஊர்ப் பெயரும் மாறியிருக்கிறது” என்றேன். அது சரியான பதில் இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதன்பிறகு அவள் சொன்னதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டது அவளுக்குப் பயமாக இருந்ததால் இல்லை. என் முகத்தைப் பார்த்ததால். பதினான்கு வருடமாக ஸ்கூட்டர் கண்ணாடியில் என் மொபெட்டைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குப் போகிறாள். “பேப்பர் நம்ம தெருமுக்குல கசங்காமத்தாம்ப்பா இருக்கு.” இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அப்போது ஆர்.சி. விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக மறைத்ததைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, காலிபர் பூட்டை விடுவித்து, காலை மடக்கிக்கொண்டு, “பத்திரத்தைக் கொடுங்க” என்றாள்.

விடைத்தாள் திருத்துகிற மாதிரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தாள். மூன்றாம் பக்கம் வரைக்கும் முகத்தில் ஒன்றும் இல்லை. நான்காம் பக்கத்தில் பேனா நின்றது. சிரிக்க ஆரம்பித்தாள்.

“அப்பா, ஏழாவது ஷரத்த சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். தமிழில் இப்படி வரும்: ‘மேற்படி சொத்தின் மூல ஆவணம் விற்பவர் வசமே இருந்துவரும் என்றும், வாங்குபவர் கோரும்போது அதைப் பார்வையிட அனுமதிப்பதாகவும் விற்பவர் இதன்மூலம் உறுதி கூறுகிறார்.’

வாசிக்கும்போதே காதெல்லாம் சூடாகிவிட்டது.

விளக்கம் எழுதிவைப்பது என் கடமை. பத்து சென்ட் நிலம் வைத்திருப்பவர் அதில் நான்கு சென்டை மட்டும் விற்றால், மீதி ஆறு சென்டுக்காக மூலப்பத்திரத்தைத் தானே வைத்துக்கொள்வார். வாங்கியவர் கேட்டால் காட்ட வேண்டும். அந்தப் பத்திரங்களில் கடைசி ஷரத்து எப்போதும் இதுதான். நான் எடுத்துக்கொண்ட பழைய மாதிரி அப்படியொரு பத்திரம். சென்ட் வருமிடங்களையெல்லாம் மாற்றிய நான் கடைசி ஷரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டு போய்விட்டேன். முப்பத்தோரு வருடம் கண் பழகிய வரி அது.

எமிலி, “அப்ப மீதிக் கார் அவர்கிட்ட இருக்குன்னு அர்த்தமாப்பா?” என்றாள்.

செல்லக்கனி அடுக்களையிலிருந்து வந்தாள். “நாம வாங்குனது எந்தப் பாதிட்டி எமிலி? ஸ்டியரிங் இருக்க பாதியா, டிக்கி இருக்க பாதியா?”

“கேளுங்கம்மா, அப்பாகிட்ட கேளுங்க. நீளம் அகலம் எல்லாம் போட்டிருக்காங்க.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

எமிலி உடனே மைசூருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். நான் எழுந்து நின்றுகொண்டேன், ஏனென்று தெரியவில்லை.

“சார், நான் எமிலி. திருநெல்வேலியிலருந்து.”

“ஓ, எமிலி மேடம்! சொல்லும்மா. நான் அரக்கோணத்துல எட்டு வருஷம் இருந்தேன், தமிழ் வரும். வண்டி எப்படி இருக்கு? பிரேக் லிவர் காலைல கொஞ்சம் டைட்டா இருக்கும். ரெண்டு தடவை சும்மா தள்ளி விடணும்.”

“பார்த்தேன் சார், அப்படித்தான் இருக்கு. சார், ஆர்.சி. உங்ககிட்ட இருக்கில்லையா?”

“என்கிட்டதானே இருக்கணும். ஏழாவது ஷரத்துப்படி. உங்க அப்பா ரொம்ப கரெக்டான மனுஷர். எனக்கே ஆச்சரியம், தமிழ்நாட்டுல ரூல் இப்படிப் போலிருக்குன்னு நினைச்சேன். லாக்கர்ல வச்சிருக்கேன். யார் வந்து பார்த்தாலும் காட்டுவேன்.”

எமிலி அவரிடம் நடந்ததைச் சொன்னாள். நிலம், நான்கு சென்ட், எல்லாம். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். இன்றைக்குச் சிரித்தவர்கள் மூவர்.

“அப்ப நாளைக்கே அனுப்பிருங்க சார்.”

“அது எப்படிம்மா? நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். விரல் ரேகை வச்சிருக்கேன். ரெண்டு சாட்சி இருக்கு. வாய் வார்த்தையில மாத்தலாமா? அப்பாவை ஒரு திருத்தம் எழுதச் சொல்லு. அது வரட்டும். அன்னைக்கே எல்லாம் செய்யறேன்.”

எமிலி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னது முழுவதும் சரி. பெரிய வெள்ளியன்று நான் மன்னிக்க முயன்ற மனிதர் இவர்.

நான் தாளையும் பேனாவையும் எடுத்து வந்தேன். எமிலி கை நீட்டினாள். “நான் எழுதுதேன். நீங்க சொல்லுங்க.”

மே 2, வெள்ளி

பிழைதிருத்தல் பத்திரம் தயார். ஒரே பக்கம். ‘ஏழாவது ஷரத்தில் “விற்பவர் வசமே இருந்துவரும்” என்றிருப்பதை “வாங்குபவர் வசம் ஒப்படைக்கப்படும்” என்று திருத்தி வாசிக்கவும்.’ நான் சொன்னது எட்டு வரி. எமிலி அதை மூன்று வரியாக்கினாள். மூன்று வரியிலும் எல்லாம் இருந்தது. என் அலுவலகத்தில் இவள் இருந்திருந்தால் நான் நிறைய மசியை மிச்சப்படுத்தியிருப்பேன்.

ஆயிரக்கணக்கான பேரின் பிழையைத் திருத்திப் பதிந்தேன். என் பிழைக்கு எழுதியது இதுதான் முதல். அதையும் சுத்தமாகவே செய்தோம்.

மே 3, சனி

நிர்வாகத்துக்குப் பதிலை எமிலி தானே எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பிழை பார்த்துத் தரட்டுமா என்றேன். “வேண்டாம்ப்பா” என்றாள். செல்லக்கனி, “ஒங்க கிட்ட கொடுத்தா மூலக் கடிதத்த நீங்களே வச்சுக்கிடுவிய” என்றாள்.

மொபெட்டை எடுக்கவில்லை. தெருமுனையில் பேப்பர் வாங்கினேன். கசங்காமல்தான் இருந்தது.

மே 9, வெள்ளி

திருத்தம் கிடைத்ததென்று நாகபூஷணா போன் செய்தார். அவர்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இன்று ஆட்டோவில் போயிருக்கிறார். வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்களாம். என்.ஓ.சி.க்கு மனு கொடுத்தாயிற்று. இந்த முறை போனை நானே எடுத்துப் பேசினேன். “சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்” என்றேன். “நல்ல ஷரத்துதான் சார், வேற பத்திரத்துல” என்றார்.

மே 21, புதன்

உறை வந்துவிட்டது. ஆர்.சி., என்.ஓ.சி., கையெழுத்திட்ட இரண்டு படிவம். உள்ளே இருப்பவற்றின் பட்டியல் ஒன்று, வரிசை எண்ணோடு. ஒரு சிறு குறிப்பும் இருந்தது: ‘ஒன்பது வருடம் என்னை எங்கும் தவிக்க விடாத வண்டி. இனி உங்கள் மகளையும் விடாது.’

பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து எமிலியிடம் கொடுத்தேன். என் பீரோவில் வைக்கவில்லை.

மே 27, செவ்வாய்

வாகன ஆய்வு. உடன் வரலாமா என்று கேட்டேன். வாங்க என்றாள்.

மைதானத்தில் ஆய்வாளர் படிவங்களைப் புரட்டிக்கொண்டே, “டிரைவர் எங்கே? வண்டிய முன்னால எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

“நான்தான் சார்” என்றாள் எமிலி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலிபரைப் பார்த்தார். காருக்குள் தலையை விட்டு லிவரைப் பார்த்தார். “சரி, ஒரு சுத்துப் போயி, அந்த ரெண்டு வண்டிக்கும் நடுவுல ரிவர்ஸ்ல விடுங்க. பொறுமையா, அவசரமில்ல.”

ஒரு பக்கம் டெம்போ, இன்னொரு பக்கம் புது ஆட்டோ. நடுவில் அதிகம் இடமில்லை. பத்து இருபது பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். கையில் கோப்பு இல்லை, தாள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாதென்பது அப்புறம்தான் உறைத்தது. மாட்டிக்கொண்டு பார்த்தபோது கார் நடுவில் நேராக நின்றது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி.

மூக்காண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணாச்சி, ஒங்க மக பின்னால வாரது நம்ம பயலுவ முன்னால போறத விட நேரா இருக்கு.”

ஆய்வாளர் கேட்ட ஒவ்வொரு தாளையும் கேட்ட வரிசையில் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுக்குக்கூட என் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் அவர், “என்ன வேலை பாக்கீங்க மேடம்?” என்றார்.

“ஹெச்.எம். ஜூன் ரெண்டுலருந்து.”

மூக்காண்டியிடம், “அது என் மகள்” என்றேன்.

“தெரியும் அண்ணாச்சி” என்றார். “காலைலருந்து ஏழு தடவ சொல்லிட்டிய.”

மே 31, சனி

புது ஆர்.சி. அட்டை வந்தது. நம் ஊர் எண். உரிமையாளர்: எமிலி சுகந்தி ஞா. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் ஞானமுத்து.

எத்தனையோ ஆவணங்களில் என் பெயர் பதிவு அதிகாரி என்று மேலே இருந்திருக்கிறது. இதில் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. அட்டையை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெயிலில் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை.

ஜூன் 2, திங்கள்

காலை ஏழு பத்துக்கு எமிலி புறப்பட்டாள். முதல் நாள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டுமா என்று நேற்றே கேட்டு வைத்திருந்தேன். வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டாள். அதனால் வேறு சட்டைகூட மாற்றவில்லை. செல்லக்கனி மட்டும் டிபன் டப்பாவைக் கொடுத்து ஜெபம் செய்தாள். கேட்டை நான் திறந்தேன். லிவரை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, கையைக் காட்டிவிட்டு, தெருவில் இறங்கி இடது பக்கம் திரும்பிப் போனாள். திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டாள். தெருவில் யாருமே இல்லை, இருந்தும் போட்டாள்.

எட்டு ஐந்துக்கு நானே போன் செய்ய எடுத்தேன். செல்லக்கனி, “ஓட்டிக்கிட்டு இருக்கவ எடுப்பாளா? வைங்க” என்றாள். வைத்தேன்.

எட்டு இருபத்தைந்துக்கு எமிலி போன் செய்தாள். பின்னால் பிள்ளைகள் போடும் கூச்சல் கேட்டது. “வந்துட்டேம்ப்பா. பிள்ளைங்கள்லாம் காரச் சுத்தி நிக்குதுங்க. லிவர் எதுக்குன்னு ஒருத்தி கேக்குதா, நெம்புகோல் பாடத்த இன்னைக்கே ஆரம்பிச்சிருவேன் போல. வைக்கேன், பெல் அடிச்சிருச்சு.”

பிறகு இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். ஐந்து எண் போட்டிருக்கிறேன். நான்குக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன், அவற்றில் மாற்ற எதுவும் இல்லை. மீதி ஒன்றை அப்படியே விட்டுவைப்பது முறையாகாது.

பிழைதிருத்தம். ஏப்ரல் 7-ஆம் தேதிக் குறிப்பு, எண் 5. ‘அவளால் தாங்க முடியாது’ என்றிருப்பது தவறு. அதை ‘என்னால் தாங்க முடியாது’ என்று திருத்தி வாசிக்கவும்.

ஞானமுத்து